பவளத் தொட்டி: விளக்கிலும் வயரிங்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவளத் தொட்டி, அதாவது உப்புத் தண்ணீரில் உயிருள்ள பவளம் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, வைத்திருப்பவர்கள் உப்பின் அளவு, கால்சியம், நைட்ரேட் என்று தண்ணீரைப் பற்றி மணிக்கணக்கில் படிக்கிறார்கள். அதே தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள், ஏழெட்டு ப்ளக்குகள் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிக் கிடக்கும். அதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நன்னீர் மீன் தொட்டியிலேயே இது தப்பு. உப்புத் தண்ணீரில் ஆபத்து இன்னும் அதிகம். கடல் நீர் குழாய்த் தண்ணீரைவிடப் பல பத்து மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட். வாரத்துக்கு நாலு தடவையாவது அந்தத் தண்ணீரில் கை விடுகிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எம்.சி.பி. (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறது, அது போதும் என்று நினைப்பது. எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. 10 ஆம்பியர் எம்.சி.பி. கீழே விழ வேண்டுமென்றால் 10 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனித உடம்புக்கோ அதில் மிகச் சிறு பங்கே போதும். 30 மில்லி ஆம்பியருக்கு மேல் சற்று நேரம் உடல் வழியாகப் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். உயிரைக் காப்பாற்றுவது மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்ச். பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், வேறு எங்கோ கசிகிறது என்று கணநேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது என்று சொல்பவர்களும் அதன் முகப்பில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் என்று இருந்தால் ஆளைக் காப்பாற்ற அதை நம்ப முடியாது. 300 என்பது தீ விபத்தைத் தடுக்க வைப்பது. தொட்டிக்கு வேண்டியது 30, சிலவற்றில் 0.03 ஆம்பியர் என்று போட்டிருக்கும். மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லையென்றால் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.

அடுத்த தவறு இதன் தொடர்ச்சிதான்: அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைப்புக் கொடுத்துவிடுவது. இதைச் செய்பவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஊருக்குப் போயிருக்கும்போது ட்ரிப் ஆகி, பம்ப் நின்று, சில மணி நேரத்தில் ஆக்சிஜன் இறங்கித் தொட்டி மொத்தமும் செத்துப்போனால், வருடக்கணக்கில் வளர்த்தது போய்விடும். ஆனால் அதற்கு வழி ஆர்.சி.சி.பி.யை எடுப்பதல்ல, பிரிப்பது. வீடு முழுக்க ஒரே ஆர்.சி.சி.பி.யில் ஓடினால் கீசர் பழுதானாலும் பவளம் சாகும். தொட்டிக்கென்று தனியாக இரண்டு ஆர்.சி.பி.ஓ. (எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்தது) போடச் சொல்லுங்கள். கீழேயுள்ள வடிகட்டும் தொட்டியான சம்ப்பிலிருந்து நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பும், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரும் ஒன்றில், தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரும் விளக்கும் இன்னொன்றில். ஒன்று விழுந்தாலும் தண்ணீர் அசைந்துகொண்டிருக்கும். பேட்டரியில் ஓடக்கூடிய வேவ்மேக்கர் ஒன்று இருந்தால் இன்னும் நிம்மதி.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர், டி.சி. பம்ப்பின் அடாப்டர் எல்லாமே நல்ல நிலையில் இருக்கும்போதும் துளித்துளியாக எர்த்துக்குக் கசியவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-ஐத் தாண்டினாலே விழலாம். பத்துச் சாதனங்கள் சேரும்போது கூட்டுத்தொகை அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். பிரித்துப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். இப்படிப்பட்ட எலக்ட்ரானிக் சாதனங்களுக்கு 'ஏ' வகை ஆர்.சி.சி.பி. பொருத்தம், கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 'ஏ.சி.' வகையாக இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். பிரித்த பிறகும் விழுகிறதா? எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் கேபிள் பம்ப்புக்குள் நுழையும் இடத்தில் பழுதான ஒன்றோ, கண்ணாடி விரிசல் விட்ட ஹீட்டரோதான் மாட்டும். அந்தப் பம்ப் கசியவிடுவது மின்சாரத்தை மட்டுமல்ல. உள்ளே இருக்கும் செம்பும் தண்ணீரில் கரையும், இறாலும் நத்தையும் பவளமும் செம்பைத் தாங்காது.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. ஆர்.சி.சி.பி. இன்வெர்ட்டருக்கு முன்னால் மட்டும் இருந்தால், கரண்ட் போய் பேட்டரியில் ஓடும்போது தொட்டிக்குப் பாதுகாப்பே இல்லை. இன்வெர்ட்டரின் அவுட்புட் பக்கம் தனியாக ஒன்று வேண்டும். பேட்டரியில் ஓடும்போதும் கசிவு வந்தால் அது விழுகிறதா என்பதைக் கருவி வைத்துச் சோதிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இந்த வேலையைக் கொடுங்கள். நியூட்ரல், எர்த் இணைப்பைப் பொறுத்து அது மாறும்.

எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் செருகுவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. செய்யாதீர்கள்.

தண்ணீருக்குள் போடும் டைட்டானியம் எர்த் கம்பி பற்றி மட்டும் கொஞ்சம் விளக்க வேண்டும். கண்ணாடித் தொட்டி தரையிலிருந்து தனித்து நிற்கிறது. உள்ளே பம்ப் கசிந்தாலும் மின்சாரத்துக்குப் போக வழியில்லை, எனவே ஆர்.சி.சி.பி.யும் விழாது. நீங்கள் கை விட்டதும் நீங்களே அந்த வழியாகிவிடுகிறீர்கள். எர்த் கம்பி இருந்தால் பம்ப் பழுதான அந்த நிமிடமே ட்ரிப் ஆகிவிடும், கை போகும் வரை காத்திருக்காது. ஆனால் ஆர்.சி.சி.பி. இல்லாத தொட்டியில் இந்தக் கம்பியைப் போடுவது தவறு. கசியும் மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வழி செய்து கொடுத்தது போலாகும். இன்னொன்று: மல்டிமீட்டரை நீரில் விட்டு 20, 30 வோல்ட் காட்டியதும் பதறிப்போகிறவர்கள் உண்டு. பழுதே இல்லாத பம்ப்பின் கம்பிச்சுருளிலிருந்தும் தூண்டலால் அப்படிக் காட்டும். உண்மையான கசிவைச் சொல்வது ஆர்.சி.சி.பி.தான்.

சரி, போர்டு எங்கே இருக்கிறது? சம்ப்புக்கு மேலேயோ, அலமாரியின் தரையிலோ என்றால் இன்றே இடம் மாற்றுங்கள். ஸ்கிம்மரிலிருந்து தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்பாகப் படியும். ஒரு ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பின்களின் அடியில் வெள்ளைப் பொருக்கு, பித்தளையில் பச்சைப் பூச்சு, சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பாகக் கருகிய வட்டம். இது தெரிந்தால் சாக்கெட்டைத் துடைத்துப் பயனில்லை. ப்ளக்கோடு சேர்த்து மாற்ற வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்து பின்களுக்கு நடுவில் மின்சாரத்துக்குப் பாலம் போடும், அங்கேதான் தீ பிடிக்கும். போர்டை அலமாரிக்கு வெளியே, சம்ப்பின் நீர்மட்டத்துக்கு மேலே, சுவரில் நிமிர்த்திப் பொருத்துங்கள். ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே இறங்கி வளைந்து, பிறகு மேலேறிப் ப்ளக்கில் முடிய வேண்டும். வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

கரண்ட் போகும்போது ரிட்டர்ன் குழாய் வழியாகத் தொட்டி நீர் பின்வாங்கி சம்ப் நிரம்பி வழிவதும் மின் விபத்தில்தான் போய் முடியும். இதைத் தடுக்கக் குழாயில் நீர்மட்டத்தை ஒட்டிப் போட்ட காற்றுத் துளையை நத்தையோ பாசியோ அடைத்திருக்கலாம். பம்ப்பை நிறுத்தி, சம்ப் எவ்வளவு ஏறுகிறது என்று அவ்வப்போது பாருங்கள்.

தொட்டி நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது. கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். தனியாக 15 ஆம்பியர் பாயின்ட் கொடுங்கள். ஸ்மார்ட் ப்ளக்கிலும் கவனம் தேவை. எல்.இ.டி. விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் குபீரென்று பாயும் மின்சாரத்தில் மலிவான ப்ளக்குக்குள் இருக்கும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, ஆஃப் ஆகாமலே போவதுண்டு.

இனி விளக்கு. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங்கில் ஸ்க்ரூ போட்டு விளக்கைத் தொங்கவிடாதீர்கள். அதைத் தாண்டி மேலே இருக்கும் கான்கிரீட்டில் ஆங்கர் போட்டு, கம்பியில் தொங்கவிட்டு, கூடவே இன்னொரு பாதுகாப்புக் கம்பியும் கட்டுங்கள். எரியும் விளக்கு நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விளக்கின் ஃபேனில் உப்புத் தூசி அடைந்தால் டிரைவர் சூடாகிக் கெடும். மாதம் ஒரு தடவை ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

பவளத்துக்கு நேரும் கேடு வேறு மாதிரி. புது எல்.இ.டி. வாங்கிய மகிழ்ச்சியில் முதல் நாளே 100 சதவீதத்தில் எரியவிட்டால், பவளத்துக்குள் வாழும் நுண்பாசிகள் வெளியேறி அது வெளுத்துப்போகும். பாதி வெளிச்சத்தில் தொடங்கி, வாரத்துக்குக் கொஞ்சமாக ஒரு மாதம் வரை ஏற்றுங்கள். வாட்டைப் பார்த்து விளக்கு வாங்குவதும் தவறு. பவளத்துக்குக் கணக்கு பி.ஏ.ஆர்., அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு. மென்பவளங்களுக்கும் ஜோவாந்திட்களுக்கும் 50 முதல் 150 வரை போதும். அக்ரோபோரா போன்ற கல்பவளங்கள் 200, 300 கேட்கும். முதல் வகை வைத்துக்கொண்டு இரண்டாம் வகைக்கான விளக்கை வாங்கினால் பணமும் போய்ப் பவளமும் சுருங்கும். மொத்தம் 8 முதல் 10 மணி நேரம் போதும்.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக் காட்டுங்கள். தரையில் தண்ணீர் நின்றால் தொட்டிப் பக்கம் போகக் கூடாது, ப்ளக்கைப் பிடுங்கக் கூடாது, முதலில் எம்.சி.பி.க்கள் இருக்கும் டி.பி. பாக்ஸில் தொட்டிக்கான இரண்டு சுவிட்சுகளையும் இறக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் மேலே 'தொட்டி' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.