குற்றத்துக்கு உள்ளானவர்களே எழுதிய நூல்கள்: பரிந்துரைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடத்தப்பட்டவர், வன்கொடுமைக்கு உள்ளானவர், செய்யாத குற்றத்துக்குச் சிறை சென்றவர், கொலையுண்டவரின் மகள் என்று குற்றத்தைத் தம் வாழ்வில் நேரடியாகச் சந்தித்தவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகளை வாசகர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும், வாசிப்புக் கூட்டங்களில் அவற்றைப் பற்றிப் பேசுவதும் என் நெடுநாள் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தாங்கள் தயாரித்த பட்டியல்களை என்னிடம் காட்டுவதுண்டு. எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த தவறுகளே அவற்றில் மீண்டும் மீண்டும் தென்படுவதால் இதை எழுதுகிறேன். படிக்காத நூலைப் பரிந்துரைப்பது, முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது போன்றவை யாரும் சொல்லாமலே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நூல் வெளிவந்த அன்றே வழக்கும் முடிந்துவிட்டது என்று கருதுவது

இந்த ஒரு தவறு மட்டும் இன்றும் எனக்குக் கோபமூட்டுகிறது. ஏனெனில் இதன் விலையை வாசகரோ பரிந்துரைப்பவரோ கொடுப்பதில்லை, வேறொருவர் கொடுக்கிறார்.

ஆலிஸ் சீபோல்ட் எழுதிய ‘லக்கி’ 1999இல் வெளிவந்தது. 1981ஆம் ஆண்டு, அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மாணவியாக இருந்தபோது தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையையும், பின்னர் நடந்த நீதிமன்ற விசாரணையையும் அவர் அதில் விவரித்திருந்தார். வன்கொடுமைக்கு ஆளானவர் வெட்கத்தை உதறிவிட்டுத் தம் பெயரிலேயே எழுதிய நூல் என்பதால் அது பல ஆண்டுகள் இவ்வகைப் பட்டியல்களின் முதல் வரிசையில் இருந்தது. அந்த வழக்கில் 1982இல் தண்டிக்கப்பட்ட ஆண்டனி பிராட்வாட்டர் 16 ஆண்டுகள் சிறையில் இருந்தார். தாம் குற்றமற்றவர் என்று சொல்லிக்கொண்டே இருந்ததால் அவருக்குப் பலமுறை பரோல் மறுக்கப்பட்டது. விடுதலைக்குப் பிறகும் அவர் பெயர் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் நீடித்தது. 2021 நவம்பரில் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்தது. பதிப்பகம் நூலின் விநியோகத்தை நிறுத்தியது. சீபோல்ட் பிராட்வாட்டரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார்.

தீர்ப்பு எப்படிச் சரிந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ‘பிறகு ஏதோ சர்ச்சை வந்தது’ என்று ஒரு வரியில் கடந்துபோவது இந்தத் தவறின் இன்னொரு வடிவம். அந்தத் தண்டனை இரண்டு கால்களில் நின்றது. ஒன்று, நீதிமன்றத்தில் சீபோல்ட் அவரை அடையாளம் காட்டியது. மற்றொன்று, தலைமுடியை நுண்ணோக்கியில் ஒப்பிடும் சோதனை. அந்தச் சோதனை முறை நம்பத்தக்கதல்ல என்பது இப்போது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. அடையாளம் காட்டிய கதை இன்னும் வேதனையானது. காவல் துறை நடத்திய அடையாள அணிவகுப்பில் அவர் பிராட்வாட்டரைச் சுட்டவில்லை. பக்கத்தில் நின்ற வேறொருவரையே சுட்டினார். அவ்விருவரும் நண்பர்கள் என்றும், அவரைக் குழப்பவே அப்படி நின்றார்கள் என்றும் அவருக்கு விளக்கம் சொல்லப்பட்டது.

இந்த அணிவகுப்பு நிகழ்ச்சியை யாரும் இருட்டிலிருந்து தோண்டி எடுக்கவில்லை. அது அந்த நூலிலேயே அச்சாகியிருந்தது. ‘லக்கி’யைப் படித்தவர்கள் எல்லோருமே, பரிந்துரைத்தவர்கள் உட்பட, அந்தப் பக்கங்களைக் கடந்துதான் சென்றார்கள். நூலைத் திரைப்படமாக்கும் முயற்சியில் இருந்த ஒரு தயாரிப்பாளருக்குச் சந்தேகம் எழுந்து, அவர் தனியார் துப்பறிவாளர் ஒருவரை அமர்த்திய பிறகே உண்மை நகரத் தொடங்கியது.

பிராட்வாட்டர் மீதான தீர்ப்பு ரத்தாகி நெடுநாள் கழிந்த பிறகு, ஒரு வாசிப்புக் கூட்டத்தில் ஓர் இளைஞர் இந்த நூலை மிகுந்த உருக்கத்தோடு அறிமுகப்படுத்தினார். நூலின் மொழியையும் துணிவையும் அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. பேசி முடித்ததும், இதில் தண்டனை பெற்றவராக வருபவர் இப்போது என்ன ஆனார் என்று கேட்டேன். “அது புத்தகத்தில் இல்லையே, ஐயா” என்றார். கூட்டத்தில் சிலர் அந்த மனிதருக்கு இன்னும் கடுமையான தண்டனை கிடைத்திருக்க வேண்டும் என்று அப்போதுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். நீதிமன்றம் குற்றமற்றவர் என்று அறிவித்த ஒருவரை, ஒரு நல்ல நோக்கமுள்ள கூட்டம் மீண்டும் ஒருமுறை தண்டித்துக்கொண்டிருந்தது.

இதனால் சீபோல்ட் பொய் சொன்னார் என்று ஆகிவிடாது. அவருக்கு அந்தக் கொடுமை நேர்ந்தது. அதை யாரும் மறுக்கவில்லை. தமக்கு என்ன நேர்ந்தது, அது தம்மை என்ன செய்தது என்பதற்கு உயிர்தப்பியவரைவிட வலுவான சாட்சி கிடையாது. அதைச் செய்தவர் யார் என்ற கேள்வியில், குறிப்பாக அவர் முன்பின் தெரியாத ஆளாக இருக்கும்போது, அதே சாட்சி மிகவும் பலவீனமாகிவிடக்கூடும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இத்தகைய நூல்களைப் பரிந்துரைக்கும் முன் ‘பிக்கிங் காட்டன்’ நூலைப் படிப்பது நல்லது. 2009இல் வெளிவந்த அந்த நூலை எழுதியவர்களில் ஒருவர், 1984இல் வட கரோலினாவில் வன்கொடுமைக்கு உள்ளான ஜெனிஃபர் தாம்ஸன். மற்றொருவர், அந்தக் குற்றத்துக்காகப் பத்தாண்டுகளுக்கும் மேல் சிறையிலிருந்த ரொனால்ட் காட்டன். எரின் டொர்னியோ உடனிருந்து எழுதினார். தாக்கியவனின் முகத்தை மனத்தில் பதித்துக்கொள்ளத் தாம்ஸன் அந்த நேரத்திலேயே முயன்றார். அப்படியிருந்தும் புகைப்படங்களிலும் அணிவகுப்பிலும் காட்டனையே சுட்டினார். பின்னர் உண்மைக் குற்றவாளியை நீதிமன்றத்தில் நேரில் காட்டியபோது, அவரைப் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் மரபணுச் சோதனை காட்டனை விடுவித்தது. நினைவு எப்படித் திரிகிறது, காவலர் சொல்லும் ஓர் ஊக்கச் சொல் அதை எப்படி உறுதிப்படுத்திவிடுகிறது என்பதை, தவறாகச் சுட்டியவரும் சுட்டப்பட்டவரும் சேர்ந்தே எழுதியிருக்கிறார்கள். ‘லக்கி’யைப் பேசத்தான் வேண்டும் என்றால் இந்த நூலையும் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

எதிர்த்திசையிலும் வழக்குகள் நகர்வதுண்டு. பாகிஸ்தானில் 2002இல் ஊர்ப் பஞ்சாயத்தின் பெயரால் கூட்டு வன்கொடுமைக்கு உள்ளான முக்தார் மாயின் நூல் 2006இல் வெளிவந்தது. கீழமை நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்திருந்தது. 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் ஐந்து பேரின் விடுதலையை உறுதிசெய்தது. நூலை மூடிவைத்த வாசகர் அவருக்கு நீதி கிடைத்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருப்பார். ஆகவே ஒரு நூலைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முந்தைய நாள், அந்த வழக்கின் இன்றைய நிலை என்ன என்று தேடிப் பாருங்கள்; பழைய பட்டியலை மீண்டும் எடுத்துப் பயன்படுத்தும்போதும் இதைச் செய்யுங்கள்.

அட்டையில் ‘உண்மைக் கதை’ என்றிருந்தால் அதோடு ஐயம் தீர்ந்தது என்று நினைப்பது

2003இல் வெளிவந்த நோர்மா கூரியின் நூல், ஜோர்டானில் தம் தோழி குடும்ப மானத்தின் பெயரால் கொல்லப்பட்டதாகச் சொன்னது. பல நாடுகளில் விற்றது. அந்நாட்டில் பெண்கள் உரிமைக்காக உழைத்தவர்கள் அதிலிருந்த பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள். 2004இல் ஆஸ்திரேலிய நாளிதழ் ஒன்று அவர் சிறு வயதிலேயே ஜோர்டானை விட்டுச் சென்று சிகாகோவில் வளர்ந்தவர் என்று வெளிப்படுத்திய பிறகு பதிப்பகம் நூலைத் திரும்பப் பெற்றது. உண்மையாகவே அப்படிக் கொல்லப்படும் பெண்களுக்காகப் போராடியவர்களுக்கு அந்த நூல் செய்த கேடு பெரிது.

அதைவிடக் கேடு செய்தது 1980இல் வெளிவந்த ‘மிஷெல் ரிமம்பர்ஸ்’. மனநல மருத்துவர் ஒருவரின் சிகிச்சையில் ‘மீட்கப்பட்ட’ நினைவுகள் என்று சாத்தான் வழிபாட்டுக் கொடுமைகளை அது அடுக்கியது. எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த பத்தாண்டுகளில் அமெரிக்காவில் குழந்தைகள் காப்பகங்களில் பணியாற்றியவர்கள்மீது எழுந்த குற்றச்சாட்டு அலைக்கு அது வித்திட்ட நூல்களில் ஒன்று.

இதைச் சொன்னவுடன் சிலர் எல்லா நூல்களையும் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதுவும் அநீதி. ஜேசி டுகார்ட் 1991இல் 11 வயதில் கடத்தப்பட்டு 2009இல் மீட்கப்பட்டதும், நடாஷா கம்புஷ் 1998இல் வியன்னாவில் கடத்தப்பட்டு 3096 நாள்களுக்குப் பின் தானே தப்பி வந்ததும் காவல் துறைப் பதிவிலும் செய்தித்தாள்களிலும் உள்ளவை. நூலுக்கு வெளியே இப்படி ஒரு தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆசிரியரை மேலும் குடைய வேண்டியதில்லை.

குற்றவாளியின் பெயரைச் சொல்லி நூலை அறிமுகப்படுத்துவது

ஷனேல் மில்லரின் ‘நோ மை நேம்’ நூலை அவரைத் தாக்கியவரின் பெயரால் அறிமுகப்படுத்துபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 2015இல் நடந்த அந்தக் குற்றத்தின் விசாரணை முழுவதும் அவர் ‘எமிலி டோ’ என்ற புனைபெயருக்குள் இருந்தார். தாக்கியவரின் நீச்சல் சாதனைகளைச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. தம் பெயரைத் திரும்பப் பெறுவதற்காகவே 2019இல் அந்த நூலை எழுதினார். சல்மான் ருஷ்டி 2022இல் தம்மைக் கத்தியால் குத்தியவரை 2024இல் எழுதிய ‘நைஃப்’ நூலில் ஓர் எழுத்தால் மட்டுமே குறிப்பிடுகிறார். ஆசிரியரே அந்தப் பெயரைத் தள்ளிவைத்திருக்கும்போது அதை முன்னே இழுத்து வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

உடன் எழுதியவரை மறந்துவிடுவது

பூலான் தேவி எழுதப் படிக்கத் தெரியாதவர். 1996இல் வெளிவந்த அவருடைய தன்வரலாறு, அவர் சொன்னதைக் கேட்டு இருவர் நூலாக்கியது. ஆகவே அதில் வரும் ஒரு சொற்றொடரை வைத்து ‘பூலானின் நடை’ என்று பேசுவது பொருளற்றது. நிகழ்ச்சிகளையும் அவற்றைப் பற்றிய அவருடைய நிலைப்பாட்டையும் பேசலாம். சிறுமியாக இருந்தபோது கடத்தப்பட்டு மீண்ட எலிசபெத் ஸ்மார்ட்டின் ‘மை ஸ்டோரி’ நூலுக்கும் உடன் எழுதியவர் உண்டு. மாறாக, டுகார்ட் தம் நூலில் சிறுமியாகத் தாம் உணர்ந்ததை ஒரு குரலிலும், வளர்ந்த பின் தோன்றியதைத் தனிப் பகுதிகளாக மற்றொரு குரலிலும் எழுதுகிறார். அங்கே நடையைப் பற்றிப் பேசுவதற்கு நிறைய இருக்கிறது.

ஒரே வீட்டில் அடைபட்டவர்களுக்கு ஒரே கதைதான் என்று எண்ணுவது

கிளீவ்லாந்தில் ஒரே வீட்டில் சிறைவைக்கப்பட்ட மூவரும் 2013 மே 6 அன்று மீண்டார்கள். மிஷெல் நைட் 2014இலும், அமாண்டா பெர்ரியும் ஜீனா டி ஜீசஸும் சேர்ந்து 2015இலும் எழுதினார்கள். பின்னிருவரையும் குடும்பங்கள் தேடிக்கொண்டே இருந்தன. நைட்டின் பெயர் காணாமல்போனோர் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டிருந்தது. இரண்டையும் படியுங்கள்.

புதினத்தை நினைவுக் குறிப்பு என்று கொடுப்பது

மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ அவர் பட்ட காவல் நிலையச் சித்திரவதையிலிருந்து பிறந்தது. ஆனால் அது புதினம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.

தாக்கப்பட்டவர் மட்டுமே அனுபவித்தவர் என்று வரம்பு கட்டுவது

1998இல் கைதாகி 2012இல் வெளிவந்த முகமது ஆமிர் கான், நந்திதா ஹக்ஸருடன் சேர்ந்து எழுதிய நூலில், பயங்கரவாதி என்று பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்டு 14 ஆண்டுகள் இழந்ததைச் சொல்கிறார். 1999இல் கொலம்பைன் பள்ளியில் சுட்டவர்களுள் ஒருவரின் தாயான சூ கிளெபோல்ட் 2016இல் எழுதினார். மரண தண்டனை பெற்ற கேரி கில்மோரின் தம்பி மைக்கல் கில்மோர் 1994இல் தம் குடும்பத்தின் பல தலைமுறை வன்முறையை எழுதினார். குற்றவாளியின் குடும்பத்தினர் எழுதியவற்றைச் சேர்க்கத் தயங்குபவர்கள் அதிகம். அவர்கள் நியாயம் கற்பிக்க எழுதுகிறார்களா, தம் வீட்டுக்குள் எதைக் காணத் தவறினோம் என்று தேடுகிறார்களா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். இவ்விரு நூல்களும் இரண்டாம் வகை.

துயரத்தில் இருப்பவருக்கு ஆறுதல் என்று கொடுப்பது

அண்மையில் தாக்குதலுக்கு உள்ளான ஒரு பெண்ணிடம், அவருக்கு நடந்ததைப் போலவே இன்னொருவருக்கு நடந்ததை விவரிக்கும் நூலை, அவர் கேட்காமலே ஒருவர் கொடுத்ததை அறிவேன். முதல் அத்தியாயத்திலேயே அந்தக் காட்சி வந்தது. அவர் நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசிப்பு வட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். கேட்காதவருக்குக் கொடுக்காதீர்கள். கேட்பவருக்கு, குற்றக் காட்சி எந்தப் பக்கங்களில் வருகிறது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். குற்றத்தைவிட மீட்சிக்கு இடமளிக்கும் நூல்தான் வேண்டும் என்பவருக்கு நான் எடுத்துக் கொடுப்பது ஃபிலிப் லான்சோன் 2018இல் எழுதிய நூல். 2015 ஜனவரி 7 அன்று பாரிஸில் சார்லி எப்தோ என்ற நையாண்டி இதழின் அலுவலகத்தில் சுடப்பட்டுத் தாடை சிதைந்த அவர், அந்தத் தாக்குதலைத் தொடக்கப் பகுதியிலேயே எழுதி முடித்துவிடுகிறார். எஞ்சிய பெரும்பகுதியில் மருத்துவமனைப் படுக்கை, அறுவை மருத்துவர், மீண்டும் மீண்டும் நடந்த அறுவைச் சிகிச்சைகள், அவ்வப்போது படித்த நூல்கள் ஆகியவையே நிறைந்திருக்கின்றன. அந்தத் தொடக்கப் பகுதி கொடியது. அதைக் கடந்து மேலே படிக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.