மாலைக் காபி உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறதா? பூவா தலையா போட்டுக் கண்டுபிடிக்கலாம்

மாலையில் காபி குடித்தால் தூக்கம் போய்விடும் என்பார் ஒருவர். எனக்கு ஒன்றும் ஆவதில்லை என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். உடலில் சேர்ந்த காஃபீனில் பாதி கழியச் சராசரியாக 5 மணி நேரம் ஆகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். புகைப்பவர்களுக்கு விரைவாகக் கழியும், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நெடுநேரம் தங்கும். சராசரியை வைத்து உங்கள் இரவைக் கணிக்க முடியாது.

படி 1: எதை அளப்பது என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஒன்றே ஒன்று போதும். படுத்தபின் தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆனது என்பதையே நான் எடுத்துக்கொண்டேன். பத்து விஷயங்களை அளந்தால் ஏதாவது ஒன்றில் தற்செயலாக வித்தியாசம் தெரியும். ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் 2015இல் இதை வைத்தே உலகை ஏமாற்றிக் காட்டினார். வெறும் 15 பேர், 18 அளவுகள். சாக்லேட் எடையைக் குறைக்கும் என்று 'முடிவு' வந்தது. பத்திரிகைகளும் அதை அப்படியே அச்சிட்டன.

படி 2: நாணயம். பலர் சறுக்கும் இடம் இதுதான். 'முதல் வாரம் காபி, அடுத்த வாரம் இல்லை' என்று பிரித்தால், அந்த வாரத்து வேலைச்சுமையும் கணக்கில் கலந்துவிடும். தூக்கம் படுமோசமாக இருக்கும்போதுதான் பெரும்பாலும் சோதனையைத் தொடங்குகிறோம். அது தானாகவே கொஞ்சம் தேறும், பெயர் சோதனைக்குப் போகும். விற்பனைக்கு வரும் பாதி அற்புத மருந்துகள் இப்படித்தான் பிழைக்கின்றன என்பது என் எண்ணம்.

ஆகவே தினமும் பூவா தலையா போடுங்கள். காலையில் வேண்டாம், குடிக்கும் நேரத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் அன்றைய நாளையே அதற்கேற்ப மாற்றிக்கொள்வீர்கள். தொடர்ந்து நான்கு முறை தலையே விழுந்தாலும் மறுபடி சுண்டக் கூடாது.

படி 3: உங்களுக்கே தெரியாமல் குடியுங்கள். வீட்டில் யாரையாவது ஒரே மாதிரியான இரண்டு டப்பாக்களில் சாதாரணக் காபித்தூளையும் காஃபீன் நீக்கியதையும் நிரப்பி, அ, ஆ என்று எழுதச் சொல்லுங்கள். தலை என்றால் அ, பூ என்றால் ஆ. எது எது என்பது கடைசிவரை அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சுவையில் கண்டுபிடித்துவிடும் நாக்கு உங்களுடையது என்றால், கண்டுபிடித்த நாளைக் குறித்துவையுங்கள்.

படி 4: நோட்டுப் புத்தகம். கைக்கடிகாரச் செயலிகள் எனக்கு ஒத்துவரவில்லை. அவை அசைவையும் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கின்றன. ஆழ்ந்த தூக்கத்தைச் சரியாக அறிய மூளை அலைகளைப் பதிய வேண்டும். இரவில் மணி பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். காலையில் எழுந்ததும் 'கால் மணி, அரை மணி' என்று தோராயமாக எழுதினால் போதும்.

படி 5: கணக்கு. இரண்டு மாதமாவது ஆன பிறகு எண்களை 'அ' நாட்கள், 'ஆ' நாட்கள் என்று இரண்டு வரிசையாக்கி, ஒவ்வொன்றையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் வரும் எண்ணை ஒப்பிடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு மோசமான இரவு அதை இழுத்துவிடும்.

பின்சேர்க்கை: சோதனைக்காகக் காலைக் காபியையும் நிறுத்தினால் தலைவலி வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழகியவர்கள் திடீரென விட்டால் அப்படித்தான். காலைக் காபியில் கை வைக்காதீர்கள். மக்னீசியம் மாத்திரையையும் இப்படிச் சோதிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். உடலில் சேர்ந்து சேர்ந்து வேலை செய்யும் எதற்கும் தினசரி நாணயம் உதவாது. வாரத்துக்கு ஒருமுறை சுண்டி, ஒவ்வொரு வாரத்திலும் முதல் சில நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகளை வைத்து இதைச் செய்யவே கூடாது.