ஸ்கைரிமில் வேகமாக லெவல் ஏற

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமில் எதிரியைக் கொன்றதற்கென்று தனிப் புள்ளி கிடையாது. எந்தத் திறனைப் பயன்படுத்துகிறீர்களோ அது வளரும்; அதனால் லெவல் ஏறும். ஆட்டம் தொடங்கும் ஹெல்கனிலிருந்து ரிவர்வுட் என்ற ஊருக்குப் போகும் வழியில் மூன்று காவல் கற்கள் நிற்கின்றன. வீரர் கல்லைத் தேர்ந்தெடுத்தால் போர்த்திறன்கள் 20% வேகமாக வளரும். வில்வித்தையும் இதில் அடக்கம். விடுதியில் 10 பொற்காசு கொடுத்துத் தூங்கி எழுந்தால் ஆட்டக் கணக்கில் எட்டு மணி நேரத்துக்கு மேலும் 10%. (ஓநாய் மனிதனாகிவிட்டவருக்கு இந்த யோகம் இல்லை.)

வில்லாளிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ரிவர்வுட்டில் ஃபேண்டல் என்ற வில்லாளியின் காதல் விவகாரத்தில் அவர் பக்கம் நில்லுங்கள், துணைக்கு வருவார். காசு கொடுத்து அவரிடம் வில்வித்தை பயிலுங்கள். பிறகு அவர் பையைத் திறந்து அதே காசை எடுத்துக்கொள்ளுங்கள். முகம்கூடச் சுளிக்கமாட்டார். ஒரு லெவலுக்கு ஐந்து பயிற்சிதான். அதுவும் திறன் 50ஐத் தொடும் வரை.