தலைச்சன் பிரசவத்தில் 'வலி ஊசி': எங்கே தவறு நடக்கிறது?

தலைச்சன் பிரசவம் இழுக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் வலி தொடங்கி ஏழெட்டு மணி நேரம் ஆனதும், "ஒரு ஊசி போட்டுச் சீக்கிரம் முடிக்கக் கூடாதா டாக்டர்?" என்று குடும்பத்தில் யாராவது கேட்டுவிடுவார்கள். அவர்கள் கேட்கும் ஊசி பெரும்பாலும் ஆக்ஸிடோசின். கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து வலியைக் கூட்டும் மருந்து. தேவையான இடத்தில் நல்ல மருந்துதான்.

பெரிய தவறு, கடிகாரத்தை முன்கூட்டியே ஓட விடுவது. முதல் வலி வந்த நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் எந்தப் பிரசவமும் தாமதமாகத்தான் தெரியும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கும் வரை உள்ளது தொடக்க நிலை. அது இத்தனை மணி நேரத்தில் முடிய வேண்டும் என்று வரையறையே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டுதல். அதற்குப் பிறகும் முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரை ஆகலாம். மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதை மட்டும் வைத்து மருந்து ஏற்ற வேண்டாம் என்றும் அது சொல்கிறது. 3 சென்டிமீட்டரில் இருக்கும் பெண்ணுக்கு, தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்போது, 'மெதுவாகப் போகிறது' என்று ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ் போடுவது அவசரம்.

அந்த மணிக்கு 1 சென்டிமீட்டர் கணக்கு பரவியதில் அயர்லாந்தின் டப்ளினுக்குப் பெரிய பங்கு உண்டு. 1960-களின் இறுதியில் அங்குள்ள தேசிய மகப்பேறு மருத்துவமனையில் டாக்டர் கீரன் ஓ'டிரிஸ்கால் தலைச்சன் பிரசவங்களுக்கென்றே ஒரு முறையை வகுத்தார். வேகம் குறைந்தால் பனிக்குடத்தை உடைப்பது, பிறகு ஆக்ஸிடோசின். ஆனால் அவர் வைத்த நிபந்தனைகள் வேறு: உண்மையான பிரசவ வலிதான் என்று உறுதியான பிறகே கணக்கு தொடங்கும், ஒவ்வொரு தாயின் பக்கத்திலும் ஒரு செவிலி கடைசி வரை இருப்பார். உலகம் ட்ரிப்ஸை எடுத்துக்கொண்டது, செவிலியை விட்டுவிட்டது!

மருந்தை ஏற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுவது இன்னும் ஆபத்து. 10 நிமிடத்தில் 5 முறைக்கு மேல் வலி வந்தால், இரண்டு வலிகளுக்கு நடுவே குழந்தைக்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைக்காமல் போகலாம். ட்ரிப்ஸை நிறுத்தினால் சில நிமிடங்களில் வேகம் குறையத் தொடங்கும். அதனால்தான் சொட்டுச் சொட்டாக, அளவு பார்த்து, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். குழந்தை பிறக்கும் முன்பே இதைத் தசையில் ஊசியாகக் குத்துவது கூடவே கூடாது. உள்ளே போனதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. மருந்துக் கடையில், இதேபோல் கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை வாங்கி வீட்டிலேயே முயற்சிப்பதும் இதே ரகம்.

'ட்ரிப்ஸ் போட்டால் சிசேரியன் தவிர்க்கலாம்' என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், ஆக்ஸிடோசின் சுமார் 2 மணி நேரத்தைக் குறைக்கிறது, சிசேரியன் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. கர்ப்பப்பை வாயைத் தளர்த்த என்று போடப்படும் ட்ரோட்டாவெரின் போன்ற ஊசிகளையும் தாமதத்தைத் தடுக்கப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் சொல்கிறது. நல்ல நேரத்துக்குள் பிள்ளை பிறக்க வேண்டும் என்று வேகத்தைக் கூட்டச் சொல்வதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

சரி, என்ன செய்யலாம்? தொடக்க நிலையில் எழுந்து நடக்கவும், நீர் ஆகாரம் குடிக்கவும், கூடவே அம்மாவோ அக்காவோ இருக்கவும் அனுமதி உண்டா என்று கேளுங்கள். நிமிர்ந்திருப்பதே, கர்ப்பப்பை வாய் முழுதாகத் திறக்கும் வரையிலான முதல் கட்டத்தைச் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைக்கிறது. ட்ரிப்ஸ் போடப் போகிறார்கள் என்றால் கேட்க வேண்டியவை: இப்போது எத்தனை சென்டிமீட்டர், எதற்காக, யார் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள்?

அப்புறம், இதையெல்லாம் படித்துவிட்டு, குழந்தை பிறந்தவுடன் தாய்க்குப் போடும் ஆக்ஸிடோசினையும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். மருந்து அதேதான், வேலை வேறு. அந்த 10 யூனிட் ஊசி ரத்தப்போக்கைத் தடுப்பதற்கு. பிரசவித்த எல்லாப் பெண்களுக்கும் அது வேண்டும்.