சிகரெட் பெட்டியில் 85 சதவீதம்: லாபியைப் புரிந்துகொள்வதில் நாம் செய்யும் தவறுகள்

அரசாங்கம் ஒரு முடிவிலிருந்து பின்வாங்கினால் நாம் முதலில் கேட்பது, "எவ்வளவு கை மாறியிருக்கும்?" என்பதுதான். கேட்கக் கூடாத கேள்வி இல்லை. யார் எந்தக் கட்சிக்கு எவ்வளவு தந்தார்கள் என்பதை மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2024 பிப்ரவரி 15 வரை ஆயிற்று. ஆனால் அந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் பாதிக் கதை தப்பிப் போகும். ஒரு பைசா கை மாறாமல், எல்லாம் முறைப்படியே நடந்தும்கூட ஒரு கொள்கையை வருடக்கணக்கில் இழுத்தடிக்கலாம். இப்படி அரசிடம் பேசி, அழுத்தம் கொடுத்து முடிவைத் தங்கள் பக்கம் திருப்பும் வேலைதான் லாபி. சிகரெட் பெட்டி மேல் இருக்கும் எச்சரிக்கைப் படமே சாட்சி.

புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது 2003இல். படம் பெட்டியில் ஏறியது 2009 மே 31இல். நடுவில் என்ன நடந்தது? இங்கேதான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேறியதும் வேலை முடிந்தது என்று டிவியை அணைத்துவிடுகிறோம். அதற்குப் பிறகுதான் அமைச்சகம் உட்கார்ந்து விதிகளை எழுதும். படம் எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம், எந்தத் தேதியிலிருந்து என்பதெல்லாம் விதியில்தான் வரும். அரசிதழில் வரும் அந்த விதியை யார் படிக்கிறார்கள்? அதனால் நஷ்டப்படப் போகிறவர்கள்தான், ஒரு வரி விடாமல். 2006இல் வந்த விதி பெட்டியில் பாதியளவுக்கு எச்சரிக்கை கேட்டது. அப்புறம் தேதி தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. 2007இல் சட்டத்தையே திருத்தி, மண்டையோட்டுப் படம் கட்டாயமில்லை என்றார்கள். 2008இல் விதியும் புதிதாக எழுதப்பட்டது: முன்பக்கம் மட்டும், 40 சதவீதம். சட்டத்தை யாரும் தோற்கடிக்கவில்லை, பென்சில் மாதிரி சீவிச் சீவிச் சின்னதாக்கினார்கள்.

ஒத்திவைப்பைத் தோல்வியாக எண்ணாததும் இன்னொரு தவறு. "தள்ளித்தானே வைத்திருக்கிறார்கள், ரத்து செய்யவில்லையே" என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். விற்கிறவருக்கு ஒவ்வொரு மாதமும் காசு. தள்ளிப்போன ஒரு வருடமே அவர் கேட்ட லாபம்தான்.

2014 அக்டோபரில் மத்திய சுகாதார அமைச்சகம் பெட்டியின் இரு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கை என்று அறிவித்தது. படத்துக்கு 60, எழுத்துக்கு 25. 2015 ஏப்ரல் 1 முதல் அமல். அதற்குச் சில நாட்களுக்கு முன், விதிகளைப் பரிசீலிக்கும் நாடாளுமன்றக் குழு ஒன்று, இதை நிறுத்தி வையுங்கள் என்றது. அந்த விதிகளை ஆராய்ந்த குழுவில் இருந்தவர்களில் ஒருவர் அலகாபாத் எம்.பி. ஷியாமா சரண் குப்தா. பீடித் தொழிலதிபர். குழுவின் தலைவர் திலீப் காந்தியோ, புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஆய்வுகள் எல்லாம் வெளிநாட்டில் நடந்தவை, இந்தியாவில் நடத்தப்படவில்லை என்றார். அமைச்சகம் தள்ளி வைத்தது. புகையிலை எதிர்ப்பு விளம்பரத்தில் தன் முகத்தைக் காட்டி எச்சரித்த, வாய்ப் புற்றுநோய் வந்த இளம்பெண் ஒருவர், இப்படிப் பேசுகிறார்களே என்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவர் இறந்தது 2015 ஏப்ரல் 1 அன்று. பெரிய படம் அமலுக்கு வந்திருக்க வேண்டிய அதே நாள்.

தொழிலில் இருப்பவரே அந்தத் தொழிலின் விதியை ஆராயும் குழுவில் உட்காரலாமா? இந்தக் கேள்விக்கு லஞ்சம் நடந்ததா என்ற ஆதாரம் தேவையே இல்லை. யார் எந்த நாற்காலியில் இருக்கிறார் என்று பார்த்தால் போதும். அந்தப் பட்டியல் நாடாளுமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும், நாம்தான் பார்ப்பதில்லை.

சரி, யார் பேசுகிறார்கள் என்பதிலும் ஏமாந்துவிடுகிறோம். எச்சரிக்கைப் படம் பெரிதாகும் என்றதும் முன்னால் வந்து நின்ற முகம் பீடித் தொழிலாளியுடையது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் போனால் திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். வேலை போய்விடுமோ என்ற அவர்கள் பயம் நிஜம். அதைப் பொய் என்று தள்ளுவதும் தவறு, அதை அப்படியே முதலாளியின் வாதமாக எடுத்துக்கொள்வதும் தவறு. ஆயிரம் பீடிக்கு என்ன கூலி, பி.எஃப். உண்டா என்ற பேச்சு வரும்போதும் இதே குரல்கள் இவ்வளவு சத்தமாகக் கேட்கின்றனவா? எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான். சில்லறை வணிகம் என்றால் பெட்டிக்கடைக்காரர், பூச்சிக்கொல்லி என்றால் சிறு விவசாயி. இவர்களின் பெயரைச் சொல்லி யார் பேசினாலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

"என்ன செய்தாலும் கடைசியில் பணக்காரன்தான் ஜெயிப்பான்" என்று கைகழுவுவது இந்த எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் அது உண்மையும் இல்லை. நாடாளுமன்றக் குழு 50 சதவீதம் போதும் என்று பரிந்துரைத்த பிறகும் 2016 ஏப்ரல் 1இல் 85 சதவீதம் அமலானது. நிறுவனங்கள் கொஞ்ச நாள் ஆலைகளை மூடிப் பார்த்தன. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. எச்சரிக்கைப் படத்தின் அளவை வைத்துக் கனடா புற்றுநோய்ச் சங்கம் போடும் உலகப் பட்டியலில் 136ஆம் இடத்தில் இருந்த இந்தியா 2016இல் மூன்றாம் இடத்துக்கு வந்தது. இதைச் சாதித்தவர்களும் ஒரு வகையில் லாபி செய்தவர்களே: புற்றுநோய் மருத்துவர்கள், தொண்டு அமைப்புகள், வழக்குப் போட்டவர்கள்.

ஆகவே லாபி என்றாலே கெட்ட வார்த்தை என்று வைத்துக்கொள்ள வேண்டாம். 2022இல் நூல் விலை ஏறியபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் கோவை மில்காரர்களும் இறக்குமதிப் பஞ்சுக்கான 11 சதவீத வரியை எடுக்கச் சொல்லி வெளிப்படையாகவே கேட்டார்கள். ஏப்ரலில் எடுத்தார்கள். பஞ்சு விளைவிப்பவனுக்கு அது கசப்பான செய்தி. இரண்டு பேருக்கும் கேட்க உரிமை உண்டு. டெல்லிக்குப் போய்க் கதவைத் தட்ட இரண்டு பேருக்கும் ஒரே வசதி இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் 1995இன் சட்டப்படி லாபி செய்பவர்கள் பதிவு செய்து, செலவைக் காட்ட வேண்டும். அந்தக் கணக்கை வைத்துத்தான் 2012இல், அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட்டின் விவகாரம் நம் நாடாளுமன்றத்தில் வெடித்தது. 2008 முதல் அந்த நிறுவனம் லாபிக்குச் செலவிட்டதாகக் காட்டிய சுமார் 2.5 கோடி டாலர், முழுவதும் இந்தியாவில் கொட்டப்பட்டது போலப் பேசப்பட்டது. அந்தப் பணம் அமெரிக்காவில், பல விஷயங்களுக்காகச் செலவானது. இந்தியச் சந்தை அதில் ஒன்று. எண்ணைத் தப்பாகப் படித்ததைவிடப் பெரிய வேடிக்கை, இந்தியாவில் அப்படிக் கணக்குக் காட்டச் சொல்லும் சட்டமே இல்லை என்பது. அங்கே கணக்கு இருப்பதால் அழுக்காகத் தெரிகிறது, இங்கே கணக்கே இல்லாததால் சுத்தமாகத் தெரிகிறது.

கடைசியாக, நாம் எழுதும் ஆட்சேபம். புதிய சட்ட வரைவைக் குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது மத்திய அரசின் 2014ஆம் ஆண்டுக் கொள்கை. வரைவு வந்ததும் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரே கடிதத்தை எல்லோரும் அனுப்புகிறோம். ஆயிரம் பேர் அனுப்பினாலும் அதிகாரிக்கு அது ஒரே கருத்துதான். நிறுவனத்தின் ஆள் எழுதினால், எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை எடுத்து எதைப் போட வேண்டும் என்று எழுதுவார். நாமும் அப்படி எழுதலாம், வரைவு புரிகிற மொழியில் இருந்தால். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை 22 மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

இதே ஆட்டம் இப்போது சிப்ஸ் பாக்கெட்டில் நடக்கிறது. உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்த பாக்கெட்டுகளில் சிலி நாடு 2016 முதல் கருப்பு எண்கோண எச்சரிக்கை போடுகிறது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 செப்டம்பரில் கொண்டுவந்த வரைவு எச்சரிக்கைக்குப் பதில் நட்சத்திரம் தரச் சொன்னது, அரை முதல் ஐந்து வரை. எச்சரிக்கைதான் வேண்டும் என்று பொதுச் சுகாதார நிபுணர்கள் சண்டை போடுகிறார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதத்தில் முடிவுக்கு வரச் சொன்னது. ஜூலையில் அந்தக் கெடு மேலும் மூன்று மாதம் நீண்டது.