ஆட்டிசம் உள்ளவர்கள் நிம்மதியாகப் படமும் நாடகமும் பார்க்க என்ன செய்யலாம்

படத்தைக் கடைசிவரை பார்த்தே ஆகவேண்டும் என்ற எண்ணத்தோடு கிளம்பாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர் குழந்தையோ பெரியவரோ, எந்த நேரத்திலும் எழுந்து வெளியே வரலாம், யாரும் கோபப்பட மாட்டார்கள் என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தால்தான் உள்ளே நிம்மதியாக உட்கார முடியும். கீழே சொல்லும் எல்லாமே இதை ஒட்டியதுதான்.

அவருக்கு எது கஷ்டம் என்று அவரிடமே கேளுங்கள். பேச்சு வராதவராக இருந்தால் எந்த இடத்தில் காதைப் பொத்துகிறார், எங்கே கண்ணை மூடுகிறார் என்று கவனித்தாலே தெரிந்துவிடும். ஒருவருக்குச் சத்தம் ஆகாது, இன்னொருவருக்கு அதிரும் சத்தம்தான் பிடிக்கும், ஆனால் பக்கத்து சீட்காரரின் சென்ட் வாசனை தாங்காது. சிலருக்குப் படத்தில் ஒரு பிரச்சினையும் இல்லை, கழிவறையில் திடீரென்று அலறும் கை உலர்த்தும் மெஷின்தான் எதிரி. கையில் டிஷ்யூ வைத்துக்கொண்டு, கூட்டம் வருவதற்கு முன்பே கழிவறைக்குப் போய்வருவது நல்லது.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் பலருக்குப் பெரிய பாரம். அதனால் கதையை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிவையும் சேர்த்து. மற்றவர்களுக்குச் சுவாரசியம் கெடலாம், இவருக்குப் பதற்றம் குறையும். டிரெய்லரை வீட்டில் குறைந்த சத்தத்தில் போட்டுக்காட்டுங்கள். டிக்கெட் காட்டுவது, வரிசையில் நிற்பது, விளக்கு அணைவது, படம், இடைவேளை இருந்தால் அது, வீடு திரும்புவது என்று வரிசையாகப் படங்களோடு ஒரு சின்ன அட்டை செய்து சில நாட்கள் பார்க்கவிடுங்கள். முடிந்தால் ஒருநாள் படம் பார்க்காமல் தியேட்டரின் முன்கூடம்வரை மட்டும் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது, படம் வந்து ஒன்றிரண்டு வாரம் ஆன பிறகு, வேலைநாளின் காலைக் காட்சியாகப் பாருங்கள், கூட்டம் குறைவாக இருக்கும். நடைபாதை ஓரத்து சீட், வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில். திரைக்கு ரொம்பக் கிட்டே வேண்டாம், அதிர்வு தரும் பெரிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான் இருக்கும். அதற்காகக் கடைசி வரிசைக்கும் போகவேண்டாம், பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் ஸ்பீக்கர்கள் மாட்டியிருப்பார்கள். 3டி, ஆடும் நாற்காலி இதெல்லாம் முதல்முறைக்குத் தேவையில்லை. விளம்பரங்களும் டிரெய்லர்களும் பல நேரம் படத்தைவிடச் சத்தமாக இருக்கும், அவை முடியும்வரை வெளியே இருந்துவிட்டு உள்ளே போகலாம். ஆனால் இருட்டில் படி தேடி ஏறுவது சிலருக்கு இன்னும் மோசம், அவர்கள் முதலிலேயே போய் உட்கார்ந்து காதை மூடிக்கொள்வதே மேல்.

காதை மூட எது வாங்குவது? இரைச்சலைத் தானே குறைக்கும் எலெக்ட்ரானிக் ஹெட்ஃபோன் ஏசி மாதிரி தொடர்ந்து வரும் சத்தத்தை நன்றாக அடக்கும், திடீர் வெடிச்சத்தத்துக்கு அவ்வளவு உதவாது. அதற்குத் தொழிற்சாலைகளில் போடுவதுபோன்ற, காதை முழுதாக மூடும் கவசமோ இயர்பிளக்கோதான் சரி. எதுவானாலும் வீட்டில் பல நாள் போட்டுப் பழகியிருக்க வேண்டும். அப்புறம் பையில் தொப்பி, கையில் உருட்டிக்கொண்டிருக்க ஏதாவது, பழகிய தின்பண்டம். 'வெளியே போகணும்' என்று எழுதிய ஒரு அட்டையும் கட்டாயம் வேண்டும். நன்றாகப் பேசுகிறவருக்கும் நெருக்கடியில் வார்த்தை வராமல் போகலாம்.

அந்த அட்டையைக் காட்டினால் உடனே எழுந்துவிடுங்கள். 'இன்னும் அஞ்சு நிமிஷம்தான்' என்று பேரம் பேசினீர்கள் என்றால் அடுத்த தடவை உங்களை நம்பமாட்டார். அரை மணி நேரம் சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வந்தால் அதுவே நல்ல நாள்தான். ஒருவேளை தாங்கமுடியாமல் கத்தினாலோ, அப்படியே உறைந்துபோனாலோ அது அடம் இல்லை, மூளையால் அதற்கு மேல் எதையும் வாங்கமுடியவில்லை. அமைதியான இடத்துக்குக் கூட்டிப்போங்கள், கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள், அவர் சம்மதம் இல்லாமல் தொடாதீர்கள், கூடவே இருங்கள். அன்று மாலையும் மறுநாளும் வேறு வேலை எதுவும் வைக்காதீர்கள், களைப்பு பிறகுதான் தெரியும்.

மேடை நாடகம் இன்னும் கொஞ்சம் கடினம். நடிகர்கள் இருக்கைகளுக்கு நடுவே இறங்கி வரலாம், புகை விடலாம், கடைசியில் மொத்தக் கூட்டமும் கைதட்டும். புகை, துப்பாக்கிச் சத்தம், மின்னும் விளக்கு எந்தக் காட்சியில் வருகிறது என்று முன்பே அரங்கத்துக்குப் போன் செய்து கேளுங்கள், கைதட்டலுக்கு முன்பே கிளம்பினாலும் தப்பில்லை.

இதற்கென்றே தனிக் காட்சிகளும் நடக்கின்றன. 2011-இல் நியூயார்க்கில் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் 'தி லயன் கிங்' நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்காகச் சத்தத்தைக் குறைத்து, கண்ணைக் கூசவைக்கும் விளக்குகளை மாற்றி நடத்தினார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய தியேட்டர் நிறுவனங்களே இப்படிப் படம் போடுகின்றன. விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும், எழுந்து நடக்கலாம், கையை உதறலாம், சத்தம் போடலாம்.

உங்கள் பக்கம் அப்படி எதுவும் இல்லையென்றால் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மேனேஜரிடம் போய்க் கேளுங்கள். பெரிதாகச் செலவு ஒன்றும் இல்லை. பல தியேட்டர்களின் ஒலிக் கருவியில் சத்தத்துக்கு எண் இருக்கும், 7 என்பது நிர்ணயித்த அளவு, அதை 5 அல்லது 4-க்கு இறக்கினாலே பெரிய வித்தியாசம் தெரியும். விளம்பரங்களையும் டிரெய்லர்களையும் எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் போடவும், விளக்கை முழுதாக அணைக்காமல் விடவும் அவர்களால் முடியும். கூட்டம் வராத ஒரு காலைக் காட்சியைக் கேளுங்கள், எத்தனை பேர் வருவோம் என்று எழுதிக் கொடுங்கள், வாசலில் நிற்கும் ஊழியர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். ஏனென்றால் பாதியில் வெளியே வந்தவரைத் திரும்ப உள்ளே விடுவது அவர்கள்தான்.