பழைய வீட்ட விக்கறதுக்கு முன்னாடி எதுல காசு போடலாம்?

தாம்பரம் பக்கம் சித்தப்பாவோட தனி வீட்ட விக்க நான்தான் கூட அலைஞ்சேன், அதுல தெரிஞ்சத அப்படியே சொல்றேன்.

1. முதல்ல பேப்பர். வாங்க வர்றவங்க பெரும்பாலும் லோன்லதான் வாங்குவாங்க, பேங்க் வக்கீல் பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் எல்லாத்தையும் கிண்டுவார். பட்டாவும் சொத்து வரியும் இன்னும் தாத்தா பேர்லயே இருந்தா மாத்திடுங்க. பிளான் அப்ரூவல் இல்லாம எழுப்புன மாடிக்கு பல பேங்க்ல மதிப்பே போட மாட்டாங்க, அதனால விக்கறதுக்காக புதுசா ரூம் எழுப்பாதீங்க.

2. ஓதம், அதாவது சுவத்துல ஊறுற ஈரம். இங்கதான் நிறைய பேர் காச விடுறாங்க. பெயிண்டர் பட்டி பாத்து பளபளன்னு ஆக்கிடுவார், அடுத்த மழைக்கு அதே இடம் உப்பு பூத்து உரியும். தண்ணி எங்கேருந்து வருதுன்னு கண்டுபிடிக்காம பிரஷ்ஷ தொடவே விடாதீங்க. மழைக்கு வந்து வெயிலுக்கு காஞ்சா அநேகமா மொட்டமாடி. சித்திரை வெயில்லயும் ஈரம் நிக்குதுன்னா பாத்ரூம் பைப்போ டைல்ஸ் இடுக்கோ. தரையிலேருந்து ரெண்டு மூணடி உசரத்துக்கு மட்டும் உரியுதுன்னா மண்ணுலேருந்து ஏறுது. பாத்ரூம் சந்தேகம்னா தண்ணி போற ஓட்டைய அடைச்சு ஒரு நாள் தண்ணி தேக்கி வெச்சு, கீழ் ரூம் சீலிங்க தொட்டுப் பாருங்க. மாடின்னா வெடிப்ப கீறி அடைச்சு, தண்ணி மழைநீர் குழாய் பக்கம் ஓடுற மாதிரி வாட்டம் குடுத்து, அப்புறம் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். வாட்டம் இல்லாம மேல மேல கோட்டிங் அடிச்சா தண்ணி தேங்கி மறுபடி இறங்கும்.

3. இதுக்கப்புறம்தான் அழகு. ஆஃப் ஒயிட் எமல்ஷன், பாத்ரூம்ல புது குழாய், நல்ல வெளிச்சம், துருப்பிடிக்காத கேட், போதும். பழைய ஃபியூஸ் கட்டை இருந்தா எம்சிபி (லோடு கூடினா தானா ஆஃப் ஆகுற ஸ்விட்ச்), ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச்) போட்டுடுங்க, வர்றவங்க பாக்குற விஷயம். மாடுலர் கிச்சன், ஃபால்ஸ் சீலிங் ரெண்டுமே விக்கறதுக்காகன்னா வேண்டாம்ங்கறதுதான் என் கட்சி, வாங்குறவங்க தங்களுக்குப் பிடிச்ச மாதிரி பிரிச்சுப் போட்டுடுவாங்க. அந்தக் காசுல ஒரு கார் நிக்க எடம் பண்ணுங்க.

அப்டேட்: ரோட்ட ஒசத்தி ஒசத்தி வீடு பள்ளமாயிடுச்சு, ஜாக்கி வெச்சு தூக்கலாமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தீங்க. நீங்களே குடியிருக்கப் போறீங்கன்னா யோசிக்கலாம். பழைய வீட்டுக்கு பல பேர் கட்டடத்த கணக்குல எடுக்காம மனை விலைதான் பேசுவாங்க, அதனால விக்கறதுக்குன்னா தூக்குற செலவு திரும்புறது கஷ்டம். தண்ணி உள்ள வராம வாசப்படிய ஒசத்திட்டு, விலையில கொஞ்சம் விட்டுக் குடுங்க.